எங்கள் வீட்டு மூன்றாவது மருமகள்

முழங்கைக்கு மேலே நாலு விரற்கடை தள்ளி அந்த நீலத் துணிப்பட்டையைச் சுற்றினார்கள். பொத்தான் கிடையாது, ஊக்கு கிடையாது, துணியோடு துணி தானாகவே ஒட்டிக்கொண்டது. பெட்டியில் எதையோ அழுத்தியதும் பட்டைக்குள் காற்று ஏற ஆரம்பித்தது. ஏற ஏற, ஒரு ஆள் என் கையைப் பிடிப்பதுபோல இருந்தது. முதலில் சும்மா தொடுகிற பிடி, அப்புறம் உரிமையுள்ள பிடி, அப்புறம் விடமாட்டேன் என்கிற பிடி. இன்னும் இறுகினால் கத்திவிடுவேன் என்று நினைத்த இடத்தில் நின்று, புஸ்ஸென்று இறங்கியது. "அவ்வளவுதாம்மா" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். வலங்கைமானுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒரு ஆடி மாதத்துக் காலையில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து, என் ஓரகத்தியின் பேருக்கு நான் கையைக் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓரகத்தி என் கொழுந்தனின் மனைவி. என்னைவிட நாலு வயது சின்னவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் பொங்கி, சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகையில் கொஞ்சமுமாக இருந்த நிலத்தை வைத்துப் பிழைத்தோம். யாரும் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்காமலே வேலை பிரிந்துகொண்டது. வயல் அவளுக்கு, காகிதம் எனக்கு. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இன்றைக்கும் அப்படித்தான், ஆனாலும் படிப்பேன். அவளுக்கு அதுவும் கிடையாது, கைநாட்டு. அதனால் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பாங்கி புத்தகம், சிட்டா அடங்கல் எல்லாம் என் தகரப் பெட்டிக்குள் இருக்கும், பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலில் தண்ணீர் ஏறும், நாற்றுக்கு எத்தனை நாள் வயது, நடவுக்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கும்.

வயலுக்குப் போகிற வழியில் வாய்க்காலின் குறுக்கே ஒரு பனந்தடி கிடக்கும். எனக்கு அதில் நடக்கப் பயம். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாட்களில் அவள் இந்தப் பக்கம் வந்து, என் இடது கையை முழங்கைக்கு மேலே கெட்டியாகப் பிடித்து அழைத்துப் போவாள். "கீழ பார்க்காதீங்கக்கா. என் மூஞ்சியப் பாருங்க. தண்ணிய விடவா அது பயங்கரமா இருக்கு?" என்பாள். கரை ஏறிய பிறகுதான் பிடியை விடுவாள். விரல் பதிந்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும்.

அவள் பேருக்கு நான் போவது எங்கள் வீட்டில் புதுசு இல்லை. அவள் பேரில் வந்த பொங்கல் சேலைக்கு வரிசையில் நின்றது நான். அவள் பேரில் மகளிர் குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது நான். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பேர் ஒருத்தருடையது, கால் யாருக்கு ஒழிந்திருக்கிறதோ அவர் போவார். அதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் ஊருக்கு நாலைந்து பிள்ளைகள் பையும் பெட்டியுமாக வந்து இறங்கினார்கள். வீட்டுக்கு வீடு நிலைக்கு மேலே சாக்குக்கட்டியால் நம்பர் போட்டார்கள். சர்வே என்றார்கள். சர்வே என்றதும் எதிர்வீட்டுக்காரர் பட்டாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். நிலத்தை அளக்க வரவில்லை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு இதெல்லாம் கிராமத்து ஜனங்களுக்கு எதனால் வருகிறது என்று கணக்கெடுக்க வந்திருக்கிறோம், உயரம், எடை, இடுப்புச் சுற்று எல்லாம் அளப்போம் என்று விளக்கினார்கள். "நெலத்தை அளந்தாலும் ஒரு பிரயோஜனம் உண்டு, எங்க வீட்டு இடுப்பை அளந்து என்னங்க பண்ணப் போறீங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். தெருவே சிரித்தது. அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போன பெண். அவளைச் சர்வே பொண்ணு என்றே கூப்பிட்டோம். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் பேரை எல்லாம் எழுதிக்கொண்டு, ஏதோ கட்டம் போட்ட தாளைப் பார்த்து, ஒரு பேரில் விரலை வைத்தாள். என் ஓரகத்தி பேர்.

"மூத்தவ நான் இருக்கேனே, என்னை எழுதிக்க" என்றேன்.

"நாங்களா எடுக்கறதில்லம்மா. சீட்டு குலுக்கற மாதிரி இது. யாரு பேரு வருதோ அவங்கதான் வரணும். மாத்தினா மொத்தக் கணக்கும் தப்பாயிடும்."

நல்ல பெண். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருந்தாள். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம், ஆதார் அட்டை வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் அந்தச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓரகத்தியின் பேர் இருந்தது. என் பேர் இல்லை.

சாயங்காலம் அவள் சேறும் காலுமாக வந்து தொட்டியடியில் நின்றபோது சொன்னேன். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "என் பேரா? என் பேரையா எடுத்தாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். காலைக் கழுவிக்கொண்டே, "அப்ப நானே போய்ட்டு வந்துடட்டுமா அக்கா? ஒரு மாசமா பின்னங்கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணை இருட்டிட்டு வருது. என்னன்னு கேட்டுடலாம்ல?" என்றாள். அந்த ஒரு மாதமாக அவள் வலியைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் வலியைச் சொல்கிற வழக்கம் இல்லை.

மறுநாள் குறுவை நடவு. நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டி அடுக்கியாகிவிட்டது. ஆள் சொல்லியாகிவிட்டது. எங்கள் முறைத் தண்ணீர் அந்த ஒரு பகல்தான். கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "நீ போய் பெஞ்சில உட்கார்ந்துக்கிட்டா வயல்ல யாரு நிக்கறது? காகித வேலை உனக்கென்ன தெரியும்? நான் போய்க்கறேன்."

"ரத்தம் எடுப்பாங்களாமே அக்கா. என் ரத்தமில்ல வேணும்?"

"உன் ரத்தம் என்ன, என் ரத்தம் என்ன? முப்பது வருஷமா ஒரே உலையில சோறு, ஒரே மரவையில உப்பு. எனக்கு எப்படியோ அப்படித்தான் உனக்கும்."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றாள். சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. எனக்கும் அன்றைக்கு அது பொய்யாகப் படவில்லை. வியாதி சாப்பாட்டில் வருகிறது, சாப்பாடு ஒன்று, அப்புறம் வியாதி எப்படி வேறாகும்? ஆனால் நடவுக்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? மூத்தவள் நான் நிற்க, அவள் பேரில் விரலை வைத்தாளே என்கிற எரிச்சல் எனக்குள் இருந்தது. ஒரு நாள் அவள் காகிதத்துக்குப் போய், நான் வயலில் நின்றால், அந்த வீட்டில் நான் யார்?

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு பெண், வீட்டுக்கு வந்தவள் இல்லை. என் முகத்தையும் ஓரகத்தியின் ஆதார் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இதுல யாரு முகமுமே தெரியலையேம்மா" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். சம்மதம் என்று ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டாள். மசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். எனக்குச் சுருக்கென்றது. "எழுத வரும்" என்று பேனாவை வாங்கி, என் ஓரகத்தியின் பேரை எழுத்தெழுத்தாக எழுதினேன். அவள் ஆயுசில் எழுதாத அவள் பேரை நான் எழுதினேன். எழுதி முடித்து, கோணாமல் வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் கேள்விகள். வெற்றிலை, புகையிலை உண்டா? இல்லை என்றேன். எனக்கு இல்லை. அவளோ இடுப்பில் சுருக்குப்பை இல்லாமல் வயலில் இறங்கமாட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உடம்பு வேர்க்க வேலை? அதற்கு அவளுடைய வேலையைச் சொன்னேன், நாற்றுக் கட்டுத் தூக்குவது, களை எடுப்பது, வரப்பு வெட்டுவது எல்லாம். நம் வீட்டுப் பெண்பிள்ளை சோம்பேறி என்று காகிதத்தில் ஏறக்கூடாது பாருங்கள். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் எவ்வளவு? கொஞ்சம்தான் என்றேன். எனக்குக் கொஞ்சம்தான். அவளுக்கோ காலையில் பழைய சோற்றுக்கு முழு நார்த்தங்காய் வேண்டும், அதற்கு மேலும் கையில் உப்பை வைத்துத் தொட்டுக்கொள்வாள். வெயிலில் நிற்கிற உடம்பு கேட்கிறது என்பாள். ஒரே உலையில் வடித்தாலும் இலையில் விழுந்தது ஒரே மாதிரி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பரிமாறுகிறவள் நான்தானே.

மூன்று தடவை பட்டையைச் சுற்றினார்கள். மூன்றாவது தடவை பெட்டியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "சூப்பர்மா. இந்த ஊர்ல இப்படி ஒரு ப்ரஷர் நான் பார்க்கவே இல்லை. பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். திரும்பி வரும் வழியில் பாய் கடையில் நின்று சொல்லாமல் என்னால் வரமுடியவில்லை. பாய் வெல்லம் நிறுத்துக்கொண்டே, "அப்ப ஜாதகத்தை எடுத்துட்டு வாங்கக்கா, நல்ல இடமா பார்த்துடுவோம்" என்றார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதே நேரத்தில் அவள் முழங்கால் சேற்றில் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து பச்சை அட்டை ஒன்று வந்தது. மேலே அவள் பேர். கீழே எண்கள். எல்லாவற்றுக்கும் நேராக இயல்பு, இயல்பு என்று போட்டிருந்தது. அவளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். முடித்துவிட்டுப் பெட்டியில் வைக்கத் திறந்தபோது, "அக்கா, இதை நான் வச்சுக்கட்டுமா?" என்றாள். அவள் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே காகிதம் அதுதான். வெற்றிலைப் பைக்குள் நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்று நடவாட்களிடம் எடுத்துக் காட்டுவாள். அது என் கை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள். என் வார்த்தையை நம்பினாள் என்று சொல்வதுதான் சரி.

அதற்கப்புறம் ஒரு நாள். வீட்டுக்கு வீடு ரத்தக்கொதிப்பு பார்த்து மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் கையைக் காட்டுங்க" என்றார். அவள் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டி, "எனக்குப் பார்த்தாச்சுங்க" என்றாள். நர்ஸம்மா பிரித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. போங்க, உங்களுக்கென்ன ராஜாத்தி" என்று சிரித்துவிட்டு, அன்றைக்கு இன்னும் இருபது வீடு பாக்கி என்று அவசரமாக நகர்ந்தார். நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் கை இல்லைங்க என்ற ஒரு வரி என் நாக்கில் வந்தது. சொன்னால், பேர் மாற்றிக் கையெழுத்துப் போட்டவள் என்று ஆகிவிடும். படித்தவள் என்ற பேருக்கு அது அழகா? முறத்தை இன்னும் வேகமாகப் புடைத்தேன். நர்ஸம்மா படலைத் தாண்டிப் போனார். உமி பறந்தது, அதையும் அவர் பச்சைச் சேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த உமி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

அடுத்த வருஷம் பங்குனியில், சம்பா அறுத்த அடித்தாளுக்குள் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் விழுந்தாள். உட்கார்ந்த வாக்கில் வலது பக்கமாகச் சாய்ந்தாள் என்றார்கள். கையில் பிடுங்கிய செடியை விடவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு இருநூறுக்கு மேலே என்றார்கள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். "இதுக்கு முன்னாடி ப்ரஷர் இருந்துச்சா?" என்று சின்ன டாக்டர் கேட்டார். கொழுந்தன் அவள் சுருக்குப்பையைத் துழாவி அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் படித்தார், மறுபடியும் படித்தார். "போன வருஷம்கூட இவ்வளவு நல்லா இருந்திருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கட்டிலின் அந்தப் பக்கம் கொழுந்தன், இந்தப் பக்கம் நான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பதினாலு மாதம் படுக்கையில் இருந்தாள். பேச்சு போய்விட்டது. வலது கை, கால் போய்விட்டன. நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், உப்பில்லாத கஞ்சியை. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அட்டை தலையணைக்கு அடியில் இருக்கும். யார் பார்க்க வந்தாலும் இடது கையால் அதை உருவி நீட்டுவாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதி, வேறென்ன" என்பார்கள். விதி என்று யாராவது சொன்னால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். எழுந்து போக மாட்டேன். ஒரு நாள் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அந்த இடது கை மேலே வந்து என் கையைப் பிடித்தது. முழங்கைக்கு மேலே, பனந்தடியில் பிடிப்பாளே, அதே இடம். அவ்வளவு பலம் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பயப்படாதீங்கக்கா என்றா, ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க என்றா? எனக்குத் தெரியவில்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்றும் தெரியவில்லை. அதற்கு எட்டாம் நாள் போய்விட்டாள்.

வருஷங்கள் போயின. என் வீட்டுக்காரர் போனார். பிள்ளைகள் வெளியூருக்குப் போனார்கள். வீட்டில் நானும் கொழுந்தனும்தான். அட்டையை மட்டும் எரிக்கவும் மனமில்லை, பெட்டியில் வைக்கவும் மனமில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். தனியாக இருக்கிற மத்தியான நேரங்களில் அந்த அட்டையில் இருக்கிறவளைப் பற்றி யோசிப்பேன். வெற்றிலை போடாதவள், வயலில் மாடாக உழைத்தவள், உப்புக் குறைத்துச் சாப்பிட்டவள், பதினெட்டு வயசு ரத்தம் ஓடியவள். அவள் நானும் இல்லை, என் ஓரகத்தியும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு மருமகள். மூன்றாவதாக ஒருத்தியை நான் ஒரு காலைப் பொழுதில் பெற்றுப் போட்டேன். அவளுக்குச் சாவு கிடையாது. ஏதோ ஊரில், ஏதோ பெட்டிக்குள் சௌக்கியமாக இருக்கிறாள். என் ஓரகத்தியின் பேரை வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

போன மாதம் அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வேறு பெண். கையில் நோட்டுக்குப் பதிலாகப் பலகை மாதிரி ஒரு போன். அன்றைக்குப் பார்த்த அதே ஆட்களை மறுபடி பார்க்கிறோம், யார் யாருக்கு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் வரப்போகிறவர்களைக் காப்பாற்ற முடியும் என்றாள். பேரைப் படித்தாள். "இவங்க இருக்காங்களா?"

"இல்லை" என்றார் கொழுந்தன், நாற்காலியிலிருந்து. எப்படிப் போனாள் என்பதைச் சொன்னார். அந்தப் பெண் திரையைத் தள்ளிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "ஆச்சரியமா இருக்குங்க ஐயா. இவங்களுக்கு எந்தக் காரணமுமே இல்லையே. ப்ரஷர் இல்லை, புகையிலை இல்லை..."

"அது என் கை" என்றேன்.

எத்தனை வருஷமாகச் சுமந்தேன், சொல்வதற்கு அரை நிமிஷம்தான் ஆனது. சீட்டு விழுந்தது, நடவு, ஒரே உலை, கையெழுத்து, நர்ஸம்மா, முறம், எல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, கொழுந்தனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் அண்ணி. அன்னிக்குப் பூரா அவ என்கூடதானே நாத்து முடி தூக்கிப் போட்டுக்கிட்டிருந்தா."

"டாக்டர் கேட்டப்ப அட்டையை எடுத்துக் குடுத்தீங்களே?"

"குடுத்தேன். காகிதம்லாம் உங்க பொறுப்பு. நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே நின்னேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்புறம் தினமும் பார்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பெண் திரையை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். "இதை எழுத இதுல இடமில்லம்மா. நான் மேல சொல்றேன், அந்தப் பதிவை எடுத்துடுவாங்க" என்றாள். "எடுத்துடச் சொல்லு" என்றேன். "அவ பேருல இன்னொருத்தி உயிரோட இருக்க வேண்டாம்." சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் அறுந்து நாலு துண்டாகப் போகும் நிலையில் இருந்தது. வாங்கிப் போனிலே படம் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டாள். அவர் அதை மடியில் வைத்து, அறுந்த மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

போகிறதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை பார்த்துவிடட்டுமா என்று கேட்டாள். இடது கையை நீட்டினேன். அதே நீலப் பட்டை. "யாரு பேருன்னு போடட்டும்மா?" என்றாள். கேலி இல்லை, கேட்கத்தான் கேட்டாள். என் பேரைச் சொன்னேன். காற்று ஏற ஆரம்பித்தது. தொடுகிற பிடி, உரிமையுள்ள பிடி, விடமாட்டேன் என்கிற பிடி. கீழே பார்க்கவில்லை. முகத்தைப் பாருங்க என்பாளே, எந்த முகத்தைப் பார்ப்பது? எதிரே சுவர்தான் இருந்தது. "கொஞ்சம் கூடத்தாம்மா இருக்கு, கட்டாயம் போய் காட்டணும்" என்றாள் அந்தப் பெண். பட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படலைத் தாண்டிப் போய்விட்டாள்.

கையிலே பிடி இருந்தது.